சிறிய மீனைச் சாப்பிடச் சொல்வதா, வாங்காதே என்பதா? எட்டாம் வகுப்புக்கான மீன் பாடம் குறித்து ஓர் ஐயம்

கேள்வி: அறிவியல் ஆசிரியை, கடலூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். கடற்கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். வகுப்பில் 36 பிள்ளைகள். ஏறக்குறைய பாதிப் பேர் மீனவக் குப்பங்களிலிருந்து வருகிறார்கள். மற்றவர்கள் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். உடலுக்கு நல்ல மீன் எது, கடலுக்கும் கேடு செய்யாத மீன் எது என்பதை இரண்டு பாடவேளைகளில் சொல்லிக்கொடுக்கலாம் என்று எண்ணிச் சில வாரங்களுக்கு முன் தொடங்கினேன்.

எனக்குக் கிடைத்த கையேடுகள் எல்லாம் சால்மனையும் காட் மீனையும் பற்றிப் பேசுபவை. எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் பூசிக் காட்டும் பட்டியல்களில் எங்கள் சந்தைக்கு வரும் ஒரு மீன்கூட இல்லை. ஆகவே நானே குறிப்பெடுத்துக்கொண்டு போனேன். முதல் பாடவேளையில், உணவுச் சங்கிலியின் அடியில் இருக்கும் மத்தி, நெத்திலி போன்ற சிறிய மீன்களில் சத்து மிகுதி, பாதரசம் குறைவு, விலையும் மலிவு. ஆதலால் சிறிய மீன்களை அடிக்கடி சாப்பிடுங்கள் என்றேன். இரண்டாம் பாடவேளையில், சிறிய மீன்களைப் பிடித்துவிட்டால் இனப்பெருக்கம் நடக்காது, மறு ஆண்டு கடலில் மீன் இருக்காது. ஆதலால் சிறிய மீன்களை வாங்காதீர்கள் என்றேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், நேற்று சாப்பிடு என்றீர்கள், இன்று வாங்காதே என்கிறீர்கள், வீட்டில் போய் எதைச் சொல்வது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன், ஆனால் சட்டென்று தெளிவான விடை சொல்ல வரவில்லை. நாளை சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

இந்த முரணைப் பிள்ளைகளுக்கு எப்படி அவிழ்த்துக்காட்டுவது? எங்கள் கடற்கரை மீன்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, செயல்பாட்டுடன் கற்பிக்க வழி இருந்தால் சொல்லுங்கள். இன்னொரு தயக்கமும் உண்டு. வகுப்பில் சிலருடைய தந்தையர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள். அவர்கள் தலை குனியும்படியாகப் பாடம் அமைந்துவிடக் கூடாது.

பதில் 1: மீன்வள விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்த மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி. அதே குழப்பம் பெரியவர்களிடமும், சில வேளைகளில் எங்கள் துறை அச்சிட்ட துண்டறிக்கைகளிலும் இருந்திருக்கிறது. குழப்பத்துக்குக் காரணம் "சிறிய மீன்" என்னும் ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளில் ஆள்வதுதான். வளர்ந்து முடிந்த பிறகும் சிறியதாகவே இருக்கும் மீன் ஒன்று. பெரிதாக வளர வேண்டிய மீனின் குஞ்சு மற்றொன்று. விரல் நீள நெத்திலி தன் வாழ்வை வாழ்ந்துகொண்டிருக்கும் மீன். முழங்கை நீளம்கூட இல்லாத வஞ்சிரமோ இன்னும் பள்ளிக்கூடத்தையே தாண்டாத பிள்ளை. முதல் பாடவேளையில் நீங்கள் பேசியது இனத்தைப் பற்றி, இரண்டாம் பாடவேளையில் பேசியது வயதைப் பற்றி. இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் முரணில் பெரும்பகுதி தானே விலகிவிடும்.

சிக்கல் அதோடு முடிந்துவிடுவதில்லை. சிறிய இனத்துக்கும் குஞ்சுப் பருவம் உண்டு. நல்ல மீன் என்று நாம் பரிந்துரைக்கும் மத்தியையும் முட்டையிடும் முன்பே அள்ளிவிடலாம். இதற்காகத்தான் ஒவ்வோர் இனத்துக்கும் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளம் என்று ஒன்றை வகுக்கிறார்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையை ஏற்றுக் கேரள அரசு 2015இல் முதலில் 14 இனங்களுக்கு அளவு அறிவித்து, பின்னர் அதனை 58 இனங்களாக விரித்தது. அந்தப் பட்டியலில் மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர். மீனின் வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். கணவாய்க்குக் கைகளை விட்டுவிட்டு உடல் பகுதியை அளப்பார்கள். பிள்ளைகளின் வடிவியல் பெட்டியில் இருக்கும் 15 சென்டிமீட்டர் அளவுகோல் இந்த இரண்டு மீன்களுக்கும் போதும் என்பதைக் கவனியுங்கள். இதைவிடச் செலவு குறைந்த ஆய்வுக் கருவி எந்தப் பள்ளிக்கும் கிடைக்காது.

மத்தியின் கதையையும் சொல்லுங்கள். கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்த மீன், 2021இல் சுமார் 3,300 டன்னாகச் சுருங்கியது. குஞ்சுகளை அள்ளியது ஒரு காரணம். கடல் வெப்பம், மழையின் போக்கு, அதனால் மாறும் மிதவை உயிரிகளின் (மத்திக்கு இரையாகும், நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள்) பெருக்கம் ஆகியவையும் காரணங்கள். "மீனவர்கள் அதிகம் பிடித்தார்கள், மீன் தீர்ந்தது" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டால் அது தவறான பாடம். மத்தி குறைந்தும் கூடியும் வரும் இயல்புடைய மீன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை.

பெயர்களில் எச்சரிக்கை தேவை. வஞ்சிரத்தைத் தூத்துக்குடிப் பக்கம் சீலா என்பார்கள், குமரியில் நெய்மீன், ஈழத்தில் அறுக்குளா. சென்னையில் சீலா என்றால் நீண்ட மூக்குடைய வேறொரு மீன். ஆகவே புத்தகத்துப் பெயரைக் கரும்பலகையில் எழுதும் முன், உங்கள் குப்பத்துப் பிள்ளைகளிடம் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அந்த ஒரு பாடவேளையில் அவர்கள் ஆசிரியர்களாக இருப்பார்கள்.

பதில் 2: உணவியல் ஆலோசகர், சென்னை

மேலே ஐயா சொன்ன வேறுபாடு உடல்நலப் பக்கத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. மீனின் உடலில் பாதரசம் சேர்வது, அது எந்த இனத்தை இரையாகக் கொள்கிறது, எத்தனை ஆண்டு வாழ்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. நீரில் கலக்கும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மிதவை உயிரிகள் வழியே அது சிறு மீனுக்கும், சிறு மீன்களைத் தின்னும் பெரிய மீனுக்கும் ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால் கழுவினாலும் பொரித்தாலும் அது போகாது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட நோயை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்; தொழிற்சாலைக் கழிவில் வந்த பாதரசம் விரிகுடாவின் மீன்கள் வழியே மனிதர்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கிய நிகழ்வு அது. பயமுறுத்துவதற்காகச் சொல்லாமல், உணவுச் சங்கிலி என்பது பாடநூலில் இருக்கும் வெறும் படமல்ல என்று உணர்த்துவதற்காகச் சொல்லுங்கள்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் தவிர்க்க வேண்டியவை என்று சொல்லும் மீன்களில் சுறா இருக்கிறது. நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவினமான கிங் மேக்கரலும் இருக்கிறது. இங்குதான் நம் வீடுகளோடு ஒரு சிக்கல் எழுகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று நாம் ஆசையோடு செய்து கொடுப்பது சுறாப் புட்டு. என் மாமியார் எனக்கும் செய்து கொடுத்தார், நானும் விரும்பித்தான் சாப்பிட்டேன். இதை வகுப்பில் எப்படிப் பேசுவது? பாட்டி சொன்னது மூடநம்பிக்கை என்று தள்ளினால் பிள்ளைகள் உங்களை நம்ப மாட்டார்கள், பாட்டியைத்தான் நம்புவார்கள், அது இயல்பும்கூட. புரதம் நிறைந்த, முள்ளில்லாத, எளிதில் செரிக்கும் உணவைத் தாய்க்குத் தர வேண்டும் என்ற பாட்டியின் எண்ணம் சரி என்பதிலிருந்து தொடங்குங்கள். பிறகு, பெரிய சுறாவில் பாதரசம் கூடுதல் என்பதையும், சுறா ஓர் ஈற்றில் சில குட்டிகளையே ஈனும், பருவம் அடையவும் காலம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லுங்கள். பல்லாயிரம் முட்டையிடும் மத்தியோடு ஒப்பிட்டால், பிடித்ததை ஈடுகட்டச் சுறாவுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். உடல்நலமும் கடல்நலமும் ஒரே பக்கம் சாயும் இடம் இது. உங்கள் மாணவி கேட்ட முரணுக்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு.

நல்ல மீன் என்றவுடன் மத்தியில் உள்ள ஒமேகா-3 கொழுப்பையே எல்லோரும் பேசுகிறோம். நெத்திலியை முள்ளோடு மென்று தின்பதால் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்தையும், பி12, டி வைட்டமின்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் மூழ்கப் பொரிப்பதைவிடக் குழம்பு வைப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட உடனடிப் பயனுள்ள பாடம் ஒன்று உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகிய மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால், பாக்டீரியாவினால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகிறது. பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடல் அரித்து, தலை வலிக்கும். "எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது" என்று பலர் சொல்வதில் ஒரு பகுதியாவது மீனின் குற்றமல்ல, ஐஸ் போடாததன் குற்றம். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கரையில் எல்லோரும் அறிந்த கணக்கு. செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் பளிச்சென்று துருத்தி நிற்கிறதா, விரலால் அழுத்திய தசை மீண்டும் எழுகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

பதில் 3: பாம்பன்காரன்

நான் பாம்பனில் பிறந்தவன்; இப்போது வேறு ஊரில் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அப்பா விசைப்படகில் போனவர், அம்மா கரையில் மீன் தரம் பிரித்தவர். ஆசிரியை கடைசியாகச் சொன்ன தயக்கத்தைப் படித்தவுடன் எழுதத் தோன்றியது.

முதல் பதிலில் ஐயா அளவுகோலைக் கையில் கொடுக்கச் சொல்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்ததை வாங்காதே என்று சொல்லி முடித்துவிட்டால், அந்த மீனுக்கு அடுத்து என்ன ஆகிறது என்ற கேள்வி விடுபட்டுப்போகிறது. விசைப்படகு கடல்தரையோடு இழுத்துவரும் பை போன்ற வலையான இழுவைமடியில் சிக்கிய மீன் கரைக்கு வரும்போது செத்திருக்கும். வீட்டுக்காரர்கள் வாங்காத பொடிமீனும் உருக்குலைந்த மீனும் சங்காயம் என்ற பெயரில் ஒதுங்கி, வெயிலில் காய்ந்து, கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகும். என் அம்மா பிரித்த கூடைகளில் அதுவே பெரிய கூடை. சந்தையில் நீங்கள் வேண்டாம் என்று தள்ளும் குஞ்சு கடலுக்குத் திரும்புவதில்லை. இன்னும் மலிவான விலைக்குக் கைமாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே "வாங்காதே" என்பதோடு நிறுத்தாமல், "எந்த வலையில் வந்தது" என்று கேட்கவும் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

வலையைப் பற்றிய பாடத்துக்குப் புத்தகம் வேண்டாம். கிழிந்த செவுள்வலைத் துண்டு ஒன்றையும், இழுவைமடியின் அடிப்பகுதித் துண்டு ஒன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் குப்பத்தில் இரண்டும் கிடைக்கும். செவுள்வலையின் கண்ணியில் தலை நுழைந்து செவுள் மாட்டும் மீன்தான் சிக்கும். அதைவிடச் சிறியது தாண்டிப் போய்விடும். இழுவைமடி தரையோடு வாரிக்கொண்டு வருவதால், மடி நிறைய நிறையக் கண்ணிகள் அடைபட்டுச் சிறியதும் வெளியேற முடிவதில்லை. காகிதத்தில் வெட்டிய மீன்களை இரண்டு வலையிலும் போட்டுப் பார்த்தாலே பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

குற்றவாளிக் கூண்டு வேண்டாம் என்பதற்கு என் காரணம் இது. கூலிக்குப் போகும் அப்பாவுக்குக் கண்ணியின் அளவைத் தீர்மானிக்கும் உரிமை இல்லை. படகு அவருடையதல்ல, டீசல் கடனும் முன்பணமும் வேறொருவர் கையில். அதே நேரம் கட்டுப்பாடு என்பது அவருக்குத் தெரியாத செய்தியும் அல்ல. எங்கள் பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும், நாட்டுப்படகுகள் நான்கு நாளும் கடலுக்குப் போவது என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடைக்காலம் 2017 முதல் 61 நாளானது. அந்த இரண்டு மாதத்துக்குக் குடும்பத்துக்கு அரசு தரும் உதவித்தொகை 5,000 ரூபாயாக இருந்து இப்போது 8,000 ரூபாயாகியிருக்கிறது. அந்தத் தொகையில் ஒரு குடும்பம் 61 நாள் எப்படி ஓட்டும் என்று வகுப்பில் கணக்குப் போடச் சொல்லுங்கள். மீன் பெருகுவதற்காக யார் வயிற்றைக் கட்டுகிறார்கள் என்பது விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். தடைக்காலத்தில் நாட்டுப்படகுகள் தொழிலுக்குப் போகலாம். அவர்கள் கொண்டுவரும் மீன் சற்று விலை கூடினாலும் அதை வாங்குவது தவறான செயல் அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள். தடைக்காலத்தில் மீன் தின்பதே குற்றம் என்று என் கல்லூரி மாணவர்களே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதில் 4: நாமக்கல் ஆசிரியர்

எங்கள் பிள்ளைகளில் பலர் கடலைப் பார்த்ததில்லை. மீன் என்றால் அவர்களுக்கு ஏரியில் பிடிக்கும் கட்லா, ரோகு, ஜிலேபி. ஆனாலும் பாம்பன் நண்பர் சொன்ன சங்காயம் எங்களுக்கு நன்கு தெரிந்த சரக்கு. கருவாட்டுத் தூள் வாடை அடிக்கும் லாரிகள் தீவன ஆலைகளுக்கு வரும். சத்துணவில் பிள்ளைகள் தின்னும் முட்டைக்கும் கடலுக்கும் உறவு உண்டு என்று ஒரு நாள் சொன்னேன்; ஒருவரும் நம்பவில்லை.

வளர்ப்பு மீனைப் பற்றி ஒரு வரி. வளர்ப்பு என்றாலே கடலுக்கு நல்லது என்று சொல்லிவிட வேண்டாம். கட்லாவும் ரோகுவும் தவிடு, பிண்ணாக்கிலேயே வளர்ந்துவிடும். பண்ணைகளில் வளர்க்கும் வன்னாமி இறாலுக்குப் போடும் தீவனத்தில் மீன்தூள் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பது தடைசெய்யப்பட்டிருந்தும், இறைச்சிக் கழிவைக் கொட்டி வளர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். "அது எதைத் தின்று வளர்ந்தது" என்ற கேள்வியை என் மாணவர்கள் இப்போது கோழிக் கடையிலும் கேட்கிறார்கள். கடைக்காரர் என்மேல் கோபமாக இருக்கிறார்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. உடனே எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

கேள்வி கேட்ட மாணவியையே முன்னால் அழைத்துக் கரும்பலகையில் இரண்டு பத்திகள் எழுதச் சொன்னேன்: "வளர்ந்தும் சிறியவை", "இன்னும் வளராதவை". பெயர்களைப் பிள்ளைகள் சொன்னார்கள். நெத்திலி, காரப்பொடி, மத்தி ஆகியவை முதல் பத்திக்குப் போயின. குட்டிப் பாறை மீனை எங்கே எழுதுவது என்று சண்டை வந்தது. வளர்ந்தும் சிறிதாகவே இருக்கும் பாறை இனம் ஒன்று உண்டு என்று குப்பத்து மாணவன் ஒருவன் சாதித்தான், பாறையில் பல இனம் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவனுடைய தாத்தா வலை பின்னுகிறவர். அவரையே மறு வாரம் அழைத்தோம். வலைத் துண்டுகளோடு வந்து, கண்ணியை விரல் கணக்கில் அளந்து காட்டினார். நாங்கள் அதை மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டோம்.

சனிக்கிழமை அன்று பெற்றோர் இசைவோடு பன்னிரண்டு பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப்போனேன். மீன் விற்கும் அம்மாக்கள் முதலில் எங்களை அதிகாரிகள் என்று நினைத்துக் கூடையை மூடினார்கள். ஒருவர் தம் பேத்தியை எங்கள் கூட்டத்தில் கண்ட பிறகுதான் திறந்தார். அளந்த 40 மத்தியில் 31 மீன்கள் 10 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தன, 9 தாண்டவில்லை. இந்த ஒரு கூடையை வைத்துக் கடலைப் பற்றி ஒன்றும் முடிவு செய்ய முடியாது என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். "அப்படியானால் எத்தனை கூடை அளக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். ஆண்டு முழுவதும் மாதம் ஒரு முறை அளப்பது என்று முடிவாகியிருக்கிறது. விசைப்படகுகள் நிற்கும் மாதங்களில் நாட்டுப்படகு மீனை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதப்போகிறார்கள்.

சுறாப் புட்டைப் பற்றி இன்னும் பேசவில்லை. வகுப்பில் ஒரு மாணவனின் அக்காவுக்குப் போன வாரம்தான் குழந்தை பிறந்திருக்கிறது. வீட்டில் புட்டு தயாராகிறது என்று அவனே பெருமையாகச் சொன்னான். சென்னை உணவியல் ஆலோசகர் அவர்களிடம் ஒரு கேள்வி: சிறிய பால்சுறாவுக்கும் பெரிய சுறாவுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த வீட்டாரிடம் எடுத்துச் சொல்வது பொருத்தமா, அல்லது சுறாவுக்குப் பதிலாக வேறு மீனில் புட்டு செய்யும் முறையை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லதா?

பதில் 5: உணவியல் ஆலோசகர், சென்னை

செய்முறையை எழுதிக் கொடுப்பதே நல்லது. இப்போது செய்த புட்டைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஒரு வேளை சாப்பிட்டதால் கேடு வந்துவிடாது, பிள்ளை பெற்ற வீட்டில் அச்சத்தை விதைக்கவும் கூடாது. ஐஸில் வைத்த புதிய சிறு சூரையை மஞ்சள் சேர்த்து வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், நிறையப் பூண்டு, இஞ்சி, சீரகம், மிளகு சேர்த்துச் சட்டியில் ஈரம் வற்றும் வரை பிரட்டினால் புட்டு வந்துவிடும். சூரையின் நடுவில் உள்ள கறுப்புச் சதையை எடுத்துவிட்டால் வாடை குறையும். பூண்டு மட்டும் தாராளமாக இருக்கட்டும், பாட்டி அதில்தான் குறை கண்டுபிடிப்பார்.